விமான தூரமும் பயண நேரமும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்கள் வட்டத்தில் டிக்கெட் பார்த்துச் சொல்லும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்து பல ஆண்டுகள் ஆகின்றன. விலையைப் பற்றிக் கேட்பவர்களைவிடத் தூரத்தையும் நேரத்தையும் பற்றிக் கேட்பவர்களே அதிகம். அதுவும் ஏறக்குறைய ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. கணக்குப் பிடிக்காதவர்கள் மூன்றாவது கேள்வியைத் தாண்டிப் போகலாம், நஷ்டம் ஒன்றுமில்லை.

விமான தூரம் என்கிறார்களே, அது எந்தத் தூரம்?

பூமியின் மேற்பரப்பில் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய வழியின் நீளம். ஒரு பந்தின் மேல் இரண்டு புள்ளிகள் வைத்து, அவற்றுக்கிடையே நூலை இறுக்கி இழுத்தால் நூல் எந்த வழியில் படிகிறதோ, அதுதான் அந்த வழி. அதை இரு பக்கமும் நீட்டிக்கொண்டே போனால் பந்தைச் சரிபாதியாக வெட்டும் வட்டம் கிடைக்கும். ஆகவே இதைப் பெருவட்டத் தூரம் என்கிறார்கள்.

குழப்பம் தொடங்குவது இங்கேதான். உங்கள் விமானம் அன்றைக்குப் பறந்த தூரம் இது அல்ல. பெருவட்டத் தூரம் வடிவியல் தரும் எண்; காற்று அடித்தாலும் புயல் வந்தாலும் அது மாறாது. விமானம் பறக்கும் தூரம் அதைவிடக் கொஞ்சமாவது கூடும், சில நாட்களில் நிறையவே கூடும். பயண நேரமோ அன்றாடம் மாறும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் கீழே உள்ள கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

லண்டன்–நியூயார்க் தூரம் ஓர் இடத்தில் 5,540 என்கிறது, இன்னோர் இடத்தில் 5,555, வேறோர் இடத்தில் 3,000. எதை நம்புவது?

மூன்றையும் நம்பலாம். பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள சரியான உருண்டையாக வைத்துக் கணக்கிட்டால், ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து கென்னடி விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 5,540 கி.மீ. வரும். ஆனால் பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது; நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. அதையும் கணக்கில் சேர்த்தால் 5,555 கி.மீ. அளவுக்கு வரும். பயணிக்கு இந்த 15 கி.மீ. ஒரு நிமிடம், கவலைப்பட ஒன்றுமில்லை.

3,000 என்பது கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். சாதாரண மைல் ஏறக்குறைய 1,609 மீட்டர். விமானிகள் கடல் மைலில் பேசுகிறார்கள். மைல் என்று மட்டும் போட்டிருந்தால் எந்த மைல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் 15 சதவீத வித்தியாசம் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. சில கணிப்பான்கள் நகரின் மையத்தை எடுத்துக்கொள்ளும், சில விமான நிலையத்தை. நியூயார்க்கில் கென்னடி நகரின் கிழக்கே, நியூவர்க் மேற்கே. இரண்டுக்கும் இடையே 30 கி.மீ.க்கு மேல். ஓஸ்லோவின் பெயரைச் சொல்லி விற்கப்படும் டார்ப் விமான நிலையமோ ஓஸ்லோவிலிருந்து 100 கி.மீ.க்கும் அப்பால் இருக்கிறது. அங்கே இறங்குபவருக்கு மீதித் தூரம் பஸ்ஸில்.

நானே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். இரு இடங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் போதும். இரண்டு அட்சரேகைகளின் சைன்களையும் பெருக்குங்கள். பிறகு அவற்றின் கொசைன்களைப் பெருக்கி, அதைத் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனாலும் பெருக்குங்கள். இரு விடைகளையும் கூட்டினால் வரும் எண், எந்தக் கோணத்தின் கொசைன் என்று பாருங்கள். அந்தக் கோணத்தில் ஒவ்வொரு பாகைக்கும் 111.2 கி.மீ.

ஹீத்ரோ 51.47 வடக்கு, 0.45 மேற்கு. கென்னடி 40.64 வடக்கு, 73.78 மேற்கு. முதல் பெருக்கல் 0.5095, இரண்டாவது 0.1357, கூட்டினால் 0.6452. அது 49.82 பாகையின் கொசைன். 111.2ஆல் பெருக்கினால் 5,540. தெற்கு அட்சரேகைக்குக் கழித்தல் குறி போட மறந்தால் விடை ஆயிரக்கணக்கில் தப்பும். நான் இரண்டு முறை அப்படித் தப்பியிருக்கிறேன்.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடாதா?

வராது, ஆனால் பக்கத்தில் வரும். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற பெரிய விமானங்கள் உயரத்தில் மணிக்கு 900 கி.மீ. அளவில் போகின்றன. ஏ320, போயிங் 737 போன்றவை 830 கி.மீ. அளவில். சுழல்விசிறி வைத்த ஏடிஆர் 72 மணிக்கு 500 கி.மீ. அளவில்தான். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இல்லை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் இருக்கிறது.

நான் கையாளும் வழி இதுதான்: கிலோமீட்டரை 850ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். லண்டன்–நியூயார்க் ஏழு மணி நேரம் வரும். இரு திசைகளின் நடுவே சரியாக உட்காருகிறது. குறுகிய பயணத்தில்தான் அந்த அரை மணியின் கனம் தெரியும். 350 கி.மீ.க்கு 55 நிமிடம், 700 கி.மீ.க்கு அதன் இருமடங்கு அல்ல, 1 மணி 20 நிமிடம்தான். சுழல்விசிறி விமானமென்றால் 850க்குப் பதில் 450ஐ வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கைக் கேலி செய்யும் பயணம் ஒன்று ஸ்காட்லாந்தில் இருக்கிறது. ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கி.மீ. கால அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று உதவிய ஒரு நாளில் 53 வினாடிகளில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

டிக்கெட்டில் 7 மணி 50 நிமிடம் என்று போட்டார்கள். விமானத்தில் "பறக்கும் நேரம் 6 மணி 55 நிமிடம்" என்று அறிவித்தார்கள். யார் சொல்வது பொய்?

யாரும் பொய் சொல்லவில்லை. டிக்கெட்டில் இருப்பது, விமானம் நின்ற இடத்தை விட்டு நகரும் கணத்திலிருந்து சேருமிடத்தில் நிறுத்தி நிற்கும் கணம் வரை. விமானி சொல்வது சக்கரம் தரையை விட்டதிலிருந்து மீண்டும் தரையைத் தொடுவது வரை. நெரிசலான விமான நிலையங்களில் இந்த இரண்டுக்கும் நடுவே முக்கால் மணி நேரம் சாதாரணமாகக் கரையும்.

இதற்கு மேல் நிறுவனங்கள் கொஞ்சம் நேரத்தைக் கூட்டியும் வைத்துக்கொள்கின்றன. வரிசையில் காத்திருப்பதும் வானில் வட்டமடிப்பதும் அன்றாடம் நடப்பவை. அட்டவணையில் இடம் விடாவிட்டால் தினமும் தாமதம் என்று பெயர் வாங்க வேண்டும். அதனால்தான் அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்தில் போய் நிற்கிறது. விமானி விரட்டிப் பிடித்துவிட்டார் என்று பாராட்டுபவர்களிடம் இதைச் சொல்வதில்லை. பாராட்டு அவருக்கே இருக்கட்டும்.

வரைபடத்தில் நேர்கோடாகப் போகாமல் ஏன் வில்லாக வளைந்து போகிறது?

வளைந்திருப்பது வரைபடம். உருண்டையைத் தட்டையான தாளில் விரித்தால் ஏதாவது ஒன்று சிதைந்தே ஆக வேண்டும். நாம் பழகிய வரைபடத்தில் அட்சரேகைகள் எல்லாம் ஒரே நீளத்தில் இருக்கின்றன. உண்மையில் துருவத்தை நெருங்க நெருங்க அவை சுருங்குகின்றன. வடக்கே ஏறிக் கடந்தால் குறுக்கு வழி கிடைப்பது அதனால்தான்.

மாட்ரிட்டும் நியூயார்க்கும் நல்ல எடுத்துக்காட்டு. இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 40 பாகை வடக்கைத் தாண்டி இருக்கின்றன. வரைபடத்தில் நேர் மேற்கே கோடு போட்டால் போதும் என்று தோன்றும். அந்தக் கோட்டின் வழியே போனால் ஏறக்குறைய 5,935 கி.மீ. நூலை இறுக்கிப் பார்த்தால், பாதி வழியில் 46 பாகை வரை வடக்கே ஏறி இறங்கும் பாதை கிடைக்கிறது; அது 5,760 கி.மீ.தான். நம்பிக்கை வராதவர்கள் உருண்டை மாதிரி ஒன்றை எடுத்து நூலை வைத்துப் பாருங்கள். எத்தனை படம் வரைந்து காட்டினாலும் ஒப்புக்கொள்ளாத என் நண்பர் நூலுக்கு மறுபேச்சுப் பேசவில்லை.

தூரம் ஒன்றுதானே? போகும்போது எட்டு மணி நேரம், வரும்போது ஏழுக்கும் குறைவு. எப்படி?

காற்று. தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக, ஜெட் காற்றோட்டம் என்ற ஆறு ஓடுகிறது. வெப்பமான பகுதிக்கும் துருவப் பகுதிக்கும் உள்ள வெப்ப வித்தியாசமும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. குளிர்காலத்தில் அந்த வித்தியாசம் கூடுவதால் காற்றும் வலுக்கிறது. மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவது அபூர்வம் அல்ல. விமானங்கள் பறக்க விரும்பும் உயரமும் அதுவே.

கிழக்கே போகும் விமானத்துக்கு அது பின்காற்று, மேற்கே போவதற்கு எதிர்க்காற்று. 2020 பிப்ரவரியில் ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. தரையை வைத்துப் பார்த்தால் அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஒலியின் வேகத்தை மீறிவிட்டதா என்று கேட்டார்கள். இல்லை; தன்னைச் சூழ்ந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் போனது. அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தது.

அட்லாண்டிக்கின் மேல் இதற்கென்றே பாதைகள் வகுக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக், கனடாவின் கேண்டர் ஆகிய இரு கட்டுப்பாட்டு மையங்களும் நாளுக்கு இரு முறை, அன்றைய காற்றைப் பார்த்து, கடலின் மேல் எந்தெந்த வழி என்று அறிவிக்கின்றன. கிழக்கே போவோருக்குக் காற்றின் மேல் சவாரி, மேற்கே போவோருக்கு அதை ஒதுங்கிய வழி. நேற்றுப் போன வழியில் இன்று போகாததற்கு இதுவே காரணம்.

பூமி சுழல்வதால்தான் இந்த வித்தியாசம் என்று பள்ளியில் படித்தேனே?

நேரடியாக இல்லை. நிலநடுக்கோட்டில் பூமி மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே சுழல்கிறது. அது கீழே ஓடி வந்து உதவுமென்றால் மேற்கே போகும் விமானம் அல்லவா சீக்கிரம் சேர வேண்டும்? நடப்பது நேர்மாறு. காற்றும் விமானமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன. ஓடும் ரயிலுக்குள் நீங்கள் முன்னோக்கி நடந்தாலும் பின்னோக்கி நடந்தாலும் பெட்டியின் நீளம் ஒன்றே. சுழற்சிக்குப் பங்கு இருப்பது ஜெட் காற்றோட்டத்தின் திசையைத் தீர்மானிப்பதில். அதை முந்தைய பதிலில் சொல்லிவிட்டேன்.

போகும்போது இழந்ததை வரும்போது மீட்டுவிடலாம், மொத்தத்தில் சரிக்குச் சரிதானே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 5,400 கி.மீ. தூரம், 900 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லையென்றால் போக 6, வர 6, ஆக 12 மணி நேரம். இப்போது 100 கி.மீ. வேகக் காற்று. ஒரு திசையில் 1,000 கி.மீ. வேகத்தில் 5 மணி 24 நிமிடம். எதிர்த்திசையில் 800 கி.மீ. வேகத்தில் 6 மணி 45 நிமிடம். மொத்தம் 12 மணி 9 நிமிடம்.

காற்று 200 கி.மீ. ஆனால் மொத்தம் 12 மணி 37 நிமிடம். எதிர்க்காற்றில் நீங்கள் அதிக நேரம் தங்குகிறீர்கள், பின்காற்றில் குறைந்த நேரம்தான். ஆகவே நஷ்டம் எப்போதும் லாபத்தை மிஞ்சும். இரு திசைக்கும் ஒரே பாதையில் போனால் காற்று எவருக்கும் கடனை முழுதாகத் திருப்பித் தருவதில்லை.

மாலை 5 மணிக்கு டோக்கியோவில் ஏறினால் அதே நாள் காலை 11 மணிக்கு லாஸ் ஏஞ்சலஸில் இறங்கலாமாம். அச்சுப் பிழையா?

இல்லை. அட்டவணையில் உள்ள இரண்டு நேரங்களும் அந்தந்த ஊரின் நேரம். கோடைக்காலத்தில் டோக்கியோ லாஸ் ஏஞ்சலஸைவிட 16 மணி நேரம் முன்னால் இருக்கிறது. மாலை 5 மணிக்கு ஏறிப் பத்து மணி நேரம் பறந்தால் டோக்கியோவில் மறுநாள் அதிகாலை 3 மணி. அதிலிருந்து 16ஐக் கழித்தால் புறப்பட்ட அதே நாள் காலை 11. திரும்பி வரும்போது தேதிக் கோடு அந்த நாளை உங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும்.

இரு ஊர் நேரங்களையும் நேரடியாகக் கழித்துப் பயண நேரம் கண்டுபிடிக்காதீர்கள். முதலில் இரண்டையும் ஒரே ஊரின் நேரத்துக்கு மாற்றுங்கள், பிறகு கழியுங்கள். அரை மணிக் கணக்கில் ஓடும் நாடுகளும் உண்டு. நேபாளமோ உலக நேரத்திலிருந்து 5 மணி 45 நிமிடம் முன்னால்.

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 5 மணி நேர வித்தியாசம் என்று மனப்பாடம் செய்திருந்தேன். மார்ச்சில் 4 என்று காட்டியது!

இரண்டு இடங்களிலும் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறார்கள், ஆனால் ஒரே நாளில் அல்ல. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. நடுவே உள்ள இரண்டு மூன்று வாரங்கள் வித்தியாசம் 4 மணி. இலையுதிர் காலத்திலும் ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறும் அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறும் மாற்றுவதால் ஒரு வாரம் இப்படி. பறக்கும் நேரம் மாறுவதில்லை. இணைப்பு விமானத்தைத் தவறவிடுபவர்கள் அந்த வாரங்களில் அதிகம் என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது.

"நேரடி விமானம்" என்று வாங்கினேன், நடுவில் ஓர் ஊரில் இறங்கியது. இது நியாயமா?

நியாயம் எப்படியோ, வழக்கம் அதுதான். நேரடி என்றால் ஒரே எண்ணுள்ள விமானத்தில் போவது. அது வழியில் இறங்கி ஏறலாம். இறங்காமலே போக வேண்டுமென்றால் இடைநில்லாப் பயணமா என்று கேட்க வேண்டும். இடையில் நிறுத்தம் இருந்தால் இரண்டு துண்டுகளையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் காத்திருப்பைச் சேருங்கள். 850 கணக்கில் அரை மணியை இரண்டு முறை கூட்ட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு முன்பு ஒன்பதரை மணி நேரம். இப்போது 13 மணி. ஊர் நகர்ந்துவிட்டதா?

ஊர் அங்கேயேதான். பெருவட்டத் தூரம் அன்றும் இன்றும் 7,830 கி.மீ. அளவில். ஆனால் அந்த வழி பெரும்பாலும் ரஷ்யாவின் மேல் போகிறது. 2022 பிப்ரவரியின் இறுதியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானங்களுக்கு அந்த வான்வெளி மூடப்பட்டிருக்கிறது. வட துருவத்தைச் சுற்றியோ தெற்கே இறங்கியோ போக வேண்டிய நிலை. முதல் பதிலில் சொன்ன மூன்று எண்களும் எவ்வளவு விலகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

வான்வெளி திறந்திருந்தும் சில இடங்களைச் சுற்றிப் போகிறார்களே?

எல்லாம் அவசரத்துக்கான முன்யோசனை. திபெத் பீடபூமியின் சராசரி உயரம் 4,000 மீட்டருக்கு மேல். விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் ஏறக்குறைய 3,000 மீட்டருக்கு விரைவாக இறங்க வேண்டும். பயணிகளின் முகமூடியில் வரும் ஆக்சிஜன் பெரும்பாலான விமானங்களில் கால் மணி நேரம் அளவுக்கே. கீழே நிலமே 4,000 மீட்டரில் இருந்தால் எங்கே இறங்குவது?

கடலுக்கு வேறு விதி. இரண்டு எஞ்சின் விமானம், ஓர் எஞ்சின் நின்றுவிட்டால் மற்றதை வைத்துக் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு விமான நிலையத்தை அடையக்கூடிய தொலைவிலேயே இருக்க வேண்டும். முன்பு அந்த எல்லை 60 நிமிடம். 1985இல் 120 நிமிட அனுமதி வந்தபின்தான் அட்லாண்டிக் அவற்றுக்கு நன்றாகத் திறந்தது. இன்று ஏ350 விமானத்துக்கு 370 நிமிடம் வரை சான்று உண்டு. அதனால் கடலின் மேல் சுற்றிப் போவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

பத்துப் பதினோரு கி.மீ. உயரத்தில் பறந்தால் வட்டம் பெரிதாகி தூரம் கூடாதா?

கூடும். 11ஐ 6,371ஆல் வகுத்துப் பாருங்கள், 0.17 சதவீதம். லண்டன்–நியூயார்க்குக்குப் பத்து கி.மீ.க்கும் குறைவு.

என் தாத்தா காலத்திலும் இதே நேரம்தானாமே? விமானத்தின் வேகம் ஏன் கூடவில்லை?

1958இல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 707 இன்றைய விமானங்களை ஒட்டிய வேகத்திலேயே பறந்தது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இறக்கையின் மேல் ஓடும் காற்று ஒலியை முந்திவிடுகிறது. இழுவை சட்டென்று ஏறுகிறது, எரிபொருளும் கூடவே. பத்து நிமிடம் மிச்சம் பிடிக்க அவ்வளவு எரிக்க எவரும் தயாராக இல்லை.

கான்கார்டு அந்தச் சுவரைத் தாண்டிக் காட்டியது. ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில், 1996 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 53 நிமிடத்துக்கும் ஒரு வினாடி குறைவாக வந்தது. எரிபொருள் செலவும் நிலத்தின் மேல் எழும் வெடிச்சத்தமும் அதைச் சில தடங்களோடு நிறுத்திவிட்டன. 2003இல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

உலகின் எந்த இரண்டு நகரங்களுக்கும் இடையே நிற்காமல் போய்விட முடியுமா?

இன்னும் இல்லை. பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ. என்பதால் எந்த இரு இடங்களும் 20,000 கி.மீ.க்குச் சற்று மேல் விலகியிருக்கவே முடியாது. இன்றைய நீண்ட இடைநில்லாச் சேவையான சிங்கப்பூர்–நியூயார்க் ஏறக்குறைய 15,350 கி.மீ.; 850 கணக்கில் பதினெட்டரை மணி வரும், அட்டவணையும் அதை ஒட்டியே இருக்கிறது. பெர்த்–லண்டன் 14,500 கி.மீ. சிட்னி–லண்டன் 17,000 கி.மீ.; 2019 நவம்பரில் சோதனையாக ஒரு விமானம் லண்டனிலிருந்து சிட்னிக்கு 19 மணி 19 நிமிடத்தில் நிற்காமல் பறந்தது. 1947இல் அதே இரு நகரங்களுக்கிடையே விமானப் பயணம் நான்கு நாட்கள் எடுத்தது.

கடைசிக் கோடிக்கு மாட்ரிட்டும் வெலிங்டனும். ஏறக்குறைய 19,850 கி.மீ.; ஒன்றின் காலடியில் மற்றொன்று என்று சொல்லலாம். அங்கே நூலை வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஆசியாவின் மேல் இழுத்தாலும் சரி, தென் அமெரிக்காவின் மேல் இழுத்தாலும் சரி, நீளம் அநேகமாக ஒன்றே. எந்தப் பக்கம் போவது என்பதை அன்றைய காற்றிடமும் டிக்கெட் விலையிடமும்தான் கேட்க வேண்டும்.